பட்டி காயும் நேரத்தைக் காட்டாத டிவி: ஹோம் மேக்ஓவர் நிகழ்ச்சிகள் எப்படி?

வீட்டைப் புதுப்பித்துக் காட்டும் இந்த டிவி நிகழ்ச்சிகளில் தவறாமல் வரும் ஒரு காட்சி. வீட்டுக்கார அம்மா பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சம்மட்டியை ஓங்கிச் சுவரில் ஒரு போடு போடுவார். சுவர் பொத்துக்கொண்டு உள்ளே போகும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அமெரிக்க வீட்டின் உள்சுவர் பெரும்பாலும் வெறும் கூடு. மரச்சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகையை அறைந்திருப்பார்கள். அதே சம்மட்டியை மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஓங்கினால் கைதான் கடுக்கும்.

பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குல கனம் உள்ள ஒரு செங்கல் சுவர் 75 கன அடி. எடை ஏறக்குறைய 4 டன். உடைத்துக் குவித்தால் உப்பிக்கொண்டு ஒரு யூனிட்டை, அதாவது 100 கன அடியைத் தாண்டும். அதை டிராக்டர் நுழையாத சந்திலிருந்து சித்தாள்கள் சட்டிசட்டியாகத் தலையில் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். டிவியில் இது நாலு நொடி. அதுவும் வேகமாக ஓட்டப்பட்ட காட்சி.

அதற்காக இவற்றைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சரக்கு இருக்கிறது. எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

முதலில் அந்த 'முன்பு – பின்பு' வித்தையைப் பிரித்துப் பார்த்துவிடலாம். 'முன்பு' காட்சியில் திரைச்சீலை மூடியிருக்கும், ஒற்றை விளக்கு எரியும், தரையில் தட்டுமுட்டுச் சாமான் இறைந்து கிடக்கும். 'பின்பு' காட்சியில் அகலமான லென்ஸ், எரியக்கூடிய எல்லா விளக்கும், மேஜையில் பழக்கூடை, சோபாவில் ஆறு தலையணை. சுவரில் கை வைக்காமல், சாமானை ஒதுக்கி, திரையை விலக்கி, விளக்கைக் கூட்டிப் படம் பிடித்தாலே பாதி மாற்றம் தெரியும். மொத்த நிகழ்ச்சியிலும் காசு செலவில்லாமல் கிடைக்கிற பாடம் இதுதான். பரணை ஒழித்து, ஹாலில் நிற்கும் மூன்றாவது பீரோவை நகர்த்தியபின் பெயிண்டரைக் கூப்பிட்டால், வாங்கவேண்டிய பெயிண்ட்கூடக் குறையலாம்.

நடமாட்டத்துக்கு வழி விடுவதிலும் இந்த டிசைனர்கள் கெட்டிக்காரர்கள். நம்மூர் ஹாலில் நாற்காலி, சோபா, டிவி எல்லாம் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். நடுவில் கல்யாண மண்டபம் மாதிரி காலியிடம். அவர்கள் சாமானை நடுப்பக்கம் இழுத்து, நடக்க மூன்றடி வழி விட்டு, உட்கார்ந்தவர்கள் முகம் பார்த்துப் பேசும்படி போடுகிறார்கள். வாங்குவதற்கு முன் சோபாவின் அளவுக்குப் பழைய தினத்தந்தியை விரித்துத் தரையில் டேப் ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். இடித்துக்கொள்ளும் இடம் தானே தெரிந்துவிடும். விளக்கிலும் அப்படித்தான். நடுச்சுவரில் ஒரே ஒரு டியூப்லைட் என்ற பழக்கத்தை விட்டு, உட்காரும் இடத்துக்கு ஒன்று, சமைக்கும் மேடைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று எனப் பிரிப்பது. ஒத்திக்கு இருப்பவர்களும் ஆணி அடிக்காமல் இதையெல்லாம் செய்துகொள்ளலாம்.

எல்லா நிகழ்ச்சியும் ஒரே ரகம் இல்லை. பிபிசியில் 1996இல் தொடங்கிய 'சேஞ்சிங் ரூம்ஸ்' பக்கத்து வீட்டார் இருவரை இரண்டு நாளுக்கு வீடு மாற்றிக்கொள்ள வைத்தது. வேடிக்கைக்குக் குறைவில்லை. ஒரு வீட்டில் அருமையான பழைய தேநீர்க் குடுவைகளைத் தொங்கும் அலமாரியில் அடுக்கிவைக்க, அலமாரி சரிந்து குடுவைகள் நொறுங்கிப்போனது இன்றுவரை பேசப்படுகிறது. அதையே அமெரிக்காவில் 2000இல் 'டிரேடிங் ஸ்பேசஸ்' என்று எடுத்தார்கள். இரண்டு நாள், ஆயிரம் டாலர். ஒரு டிசைனர் சுவர் முழுக்க வைக்கோலை ஒட்டிவிட்டுப் போனார். மாட்டுத் தொழுவம் வைத்திருக்கிறவர்களே வீட்டுக்குள் செய்யத் துணியாத காரியம். சிரிக்கலாம், பின்பற்ற ஒன்றும் இல்லை.

'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' அழ வைக்கும் ரகம். ஏபிசியில் 2003 முதல் 2012 வரை ஓடியது. கஷ்டப்படும் குடும்பத்தைச் சுற்றுலா அனுப்பிவிட்டு, ஏழு நாளில் வீட்டை இடித்துக் கட்டி, மறைத்து நிற்கும் பஸ்ஸை நகர்த்திக் காட்டுவார்கள். பஸ் நகரும் அந்த நிமிடத்தில் கண் கலங்காதவர் குறைவு. எடுத்தவர்களின் திறமை அது. ஆனால் இராப்பகலாக ஷிப்ட் முறையில் ஆட்கள் வரிசைகட்டி வேலை பார்ப்பதால்தான் ஏழு நாள் சாத்தியம். கட்டுவதும் மரச்சட்ட வீடு. நம்மூர் கான்கிரீட் தளத்துக்கு முட்டு பிரிக்கவே அதைவிட நாள் ஆகும். பெரிய வீட்டுக்குப் பெரிய வரி, பெரிய கரண்ட் பில் வரும். பரிசாகக் கிடைத்த வீட்டைச் சில குடும்பங்கள் கடன் கட்ட முடியாமல் இழந்ததும் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த செய்திதான். கேமரா திரும்பிப் போனபின் நடக்கும் கதை அது.

டெக்சாஸில் வேக்கோ ஊரை வைத்து 2013இலிருந்து 2018வரை வந்த 'ஃபிக்ஸர் அப்பர்' பார்வைக்கு இவை எல்லாவற்றிலும் அழகு. வெள்ளைச் சுவர், மரப்பலகை, பெரிய ஜன்னல், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவரில்லாத அமைப்பு. இன்று மதுரை பைபாஸ் ரோட்டிலும் அண்ணா நகரிலும் இன்டீரியர் செய்பவர் டேப்லெட்டில் காட்டும் படங்களில் பாதி இந்தச் சாயல்தான். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைச் சுவரும் பெரிய ஜன்னலும் வெயிலுக்கு ஏங்கும் ஊர்களில் சரி. மதுரையில் மேற்குப் பார்த்த சுவரில் ஆறடிக்குக் கண்ணாடி போட்டால் சித்திரை மாதம் அந்த அறை அடுப்பங்கரை. இங்கே ஜன்னலைப் பெரிதாக்குவதைவிட, எதிரெதிரே இரண்டு ஜன்னல் வைத்துக் காற்று ஊடுருவ விடுவதும், ஒன்றரை இரண்டடி சன்ஷேடு இழுப்பதும் வேலைக்கு ஆகும்.

சுவரில்லாத சமையலறை அதைவிட மோசம். மிளகாய் வறுத்தால் ஹாலில் இருப்பவர் இருமுவார். கருவாடு பொரித்தால் சோபா துணி மூன்று நாள் மணக்கும். ஏசி கணக்கையும் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு டன் போதும், மொட்டை மாடிக்குக் கீழே என்றால் ஒன்றரை. சுவரை எடுத்து நானூறு சதுர அடி ஒரே கூடமாக்கினால் மூன்று டன்னுக்கு மேல் வேண்டும். அதில் ஒரு பங்கு அடுப்பின் சூட்டைத் தணிக்கவே போகும். சுவரையே எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தால், மேடைக்கு மேல் மட்டும் திறந்து கண்ணாடிச் சறுக்குக் கதவு வைப்பது நடுவழி.

எடுப்பதற்கு முன் அந்தச் சுவர் என்ன சுமக்கிறது என்று தெரிய வேண்டும். தூண் போட்ட புது வீட்டில் உள்சுவர் வெறும் தடுப்புதான். பழைய வீட்டில் ஒன்றரைச் செங்கல் கனமுள்ள சுவர்மேல்தான் தேக்கு உத்திரம் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் கட்டைகள், அதன்மேல் செங்கல் குத்திச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ், மேலே தட்டோடு. உத்திரத்தின் முனை எந்தச் சுவரில் செருகியிருக்கிறதோ அதில் கை வைக்கக்கூடாது. டிவியில் 'ஒரு பீம் போட்டுவிட்டோம்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வரிக்குப் பின்னால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், இரண்டு பக்கமும் ஜாக்கி முட்டு, இரும்பு கர்டர், அது உட்காரக் கான்கிரீட் தலையணை எல்லாம் உண்டு.

அடுத்தது பட்டி, பெயிண்டுக்கு முன் சுவரை வழுவழுப்பாக்க இழுக்கும் பூச்சு. இந்த நிகழ்ச்சிகள் ஒட்டுமொத்தமாக மறைப்பது எது என்று கேட்டால், காயும் நேரம். ஒரு காட்சியில் ரோலர் ஓடும், அடுத்த காட்சியில் சோபா வந்துவிடும். இடையில் என்னென்ன நடக்க வேண்டும்? புதுப் பூச்சு என்றால் பட்டி பார்க்க 28 நாள் பொறுக்க வேண்டும். பழைய சுவரென்றால் முதலில் ஈரம் பார்க்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் அந்தச் சுவரில் பெயிண்ட் அடிப்பது காசுக்குக் கேடு. மூன்று மாதத்தில் உப்புப் பூத்து, பொரிந்து, தோல் தோலாக உரியும்.

ஓதம் ஏறிய சுவருக்குச் செய்ய வேண்டியது இது. ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஒரு அடி சேர்த்துக் காரையை உடைத்தெடுத்து, செங்கல் இடுக்கைச் சுரண்டி, கம்பி பிரஷால் உப்பைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூச வேண்டும். சுண்ணாம்புச் சுவரென்றால் சுண்ணாம்புக் காரைதான் மறுபடியும். அதன்மேல் சிமெண்டைப் பூசி அடைத்தால், வெளியே வர வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறி, சாமி படம் மாட்டிய உயரத்தில் போய் வெளிவரும்.

சிமெண்டுப் பட்டி 40 கிலோ மூட்டைக்கு 14 முதல் 16 லிட்டர் தண்ணீர். கலக்கிப் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கலக்க வேண்டும். சுவரை லேசாக நனைத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் தீர்கிற அளவுக்கே கலக்குங்கள். சித்திரை, வைகாசியில் அதைவிடச் சீக்கிரம் இறுகிவிடும். தொல்லை தொடங்குவது இங்கேதான். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்த பெயிண்டர் சட்டியில் இறுகிக் கிடப்பதில் மீண்டும் தண்ணீர் ஊற்றிக் குழைப்பார். அப்படி இழுத்த இடத்தை ஒரு மாதம் கழித்துக் கையால் தடவினால் வெள்ளையாக மாவு ஒட்டும். அந்த மாவுக்கு மேல் எந்தக் கம்பெனிப் பெயிண்டும் நிற்காது. போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் கலக்கினாலும் இதே கதி. இரண்டு குடம் நல்ல தண்ணீர் தனியாக வாங்கி வையுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடி என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்து 400 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கை பட்டிக்கு ஒரு மூட்டை, பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கைக்கு 7 லிட்டர் அளவில் போகும். சுரண்டல், ஒட்டு ஒரு நாள். பட்டி இரண்டு நாள். எமரித் தாளில் தேய்த்துப் பிரைமர் ஒரு நாள். எமல்ஷன் கைக்குக் கை நாலு மணி நேரம் இடைவெளி விட்டு ஒரு நாள், சில சமயம் ஒன்றரை. ஆக, ஈரமில்லாத ஒரே ஒரு அறைக்கு ஐந்தாறு நாள். தை முதல் பங்குனி வரை இதற்கு நல்ல காலம். ஐப்பசி மழையில் தீபாவளிக்காக அவசர அவசரமாக அடித்த சுவர்கள்தான் அடுத்த பொங்கலுக்குப் பெயிண்டரை மறுபடி வரவழைக்கும். சென்ற ஆண்டு மழை எந்த மூலையில் இறங்கியது என்று டிவி எபிசோடில் யாரும் கேட்பதில்லை.

பட்டியோடு சேர்ந்தது தூசி. 'ஃபிக்ஸர் அப்பர்' நிகழ்ச்சியை நடத்திய தம்பதியின் கம்பெனி, பழைய ஈயப் பெயிண்டைக் கையாளும் விதிகளைப் பின்பற்றவில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2018இல் 40,000 டாலர் அபராதம் விதித்தது. அதிகாரிகள் பார்த்தது அதே நிகழ்ச்சியின் காட்சிகளைத்தான். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த நிலை, ஜன்னல் கம்பி, கதவெல்லாம் சந்தேகத்துக்கு உரியவையே. உலர்ந்த எமரியால் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈர எமரியால் தேய்க்கச் சொல்லி, சின்னப் பிள்ளைகளை அந்த இரண்டு நாள் ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவது உத்தமம். துடைப்பத்தால் பெருக்குவதும் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

சமையலறை அலமாரி விஷயத்தில் ஒரு அடிப்படை வித்தியாசத்தை டிவி சொல்லாது. அவர்கள் தரையைத் துடைப்பவர்கள். நாம் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு கீழ் அலமாரி இரண்டு வருடத்தில் அடிப்பக்கம் ஊறி உப்பிவிடும். மரப்பலகைதான் வேண்டுமென்றால் தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள ப்ளைவுட், 18 மில்லிமீட்டர், தரையிலிருந்து நாலங்குலம் தூக்கி. 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று சாதாரண ரகமான ஐஎஸ் 303 கொண்டு இறக்குவார்கள். பலகையின் முதுகில் அடித்திருக்கும் முத்திரையை இறக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஆனால் நம்மூர்க் கொத்தனார் காலங்காலமாகச் செய்யும் வழி இதைவிட உறுதி. உள்ளே கடப்பாக் கல் தட்டு, வெளியே கதவு மட்டும் பலகை. கரையான், தண்ணீர் இரண்டுக்கும் பயமில்லை. கதவு கெட்டால் கதவை மட்டும் மாற்றலாம்.

மேடை உயரம் அவர்களுக்கு 36 அங்குலம். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு 31, 32தான் சரி. முழங்கையை மடக்கி நின்று, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே அளந்துகொள்ளுங்கள். வீட்டில் சமைப்பவரை நிறுத்தி அளக்க வேண்டும், காண்ட்ராக்டரை அல்ல. கிரைண்டருக்கு ஒன்றரை அடி உயரத்தில் தனித் திட்டு இல்லாத எந்த 'ட்ரீம் கிச்ச'னும் தமிழ் வீட்டுக்கு அரைகுறைதான்.

ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஒரு கணக்கு உண்டு. தளத்திலிருந்து எட்டங்குலம் இறங்கும். அதற்கும் கீழே ஒரு அடியாவது விட்டால்தான் ஃபேன் காற்றை இழுக்கும். பத்தடி அறையில் இறக்கை எட்டடி நாலங்குலத்தில் நிற்கும், சரி. ஒன்பதடி அறையில் ஏழடி நாலங்குலம். கட்டில்மேல் நின்று போர்வையை உதறினால் கை இருக்காது. ஃபேன் கொக்கி தளத்துக் கம்பியிலிருந்துதான் வர வேண்டும், ஜிப்சம் தாங்கும் தகரச் சட்டத்திலிருந்து அல்ல. மொட்டை மாடியில் நீர்க்கசிவு இருந்தால் சீலிங் அதை மறைக்கத்தான் செய்யும். ஜிப்சம் ஊறித் தொங்கும் அன்றுதான் தெரியவரும். வெயிலுக்காகப் போடுகிறோம் என்பவர்கள் அந்தப் பணத்தை மாடித் தளத்தின் வெளிப்பக்கம் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்கச் செலவிட்டால் பலன் அதிகம். சூட்டைத் தளத்துக்கு வெளியே நிறுத்த வேண்டும், உள்ளே வந்தபின் அல்ல. பல்லிக்கும் எலிக்கும் மேல்மாடி கட்டிக்கொடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பூக்கல் தரை மோகத்துக்கு ஒரு வார்த்தை. ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடாதது. கண்ணாடித் தட்டில் வண்ணம் ஊற்றி, சிமெண்டு மணல் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மிதிக்க மிதிக்கத்தான் மெருகு ஏறும். அதனால் பதித்த மறுநாள் பளபளக்கவில்லை என்று ஆசிட் ஊற்றிக் கழுவினால் வண்ணமே போய்விடும். பழைய தரைமேலேயே பதித்தால் தரை உயர்ந்து கதவடி இடிக்கும். ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பணக் கணக்கில் இந்த நிகழ்ச்சிகள் எதையும் நம்ப வேண்டாம். திரையில் வரும் தொகையில் பல நேரம் கூலி சேராது, விளம்பரத்துக்காக வந்த பொருள் சேராது, கடைசிக் காட்சியில் தெரியும் சோபாவும் விரிப்பும்கூடச் சேராமல் இருக்கலாம். இங்கே எஸ்டிமேட்டில் விட்டுப்போவது வேறு: இடிபாடு அள்ளும் வண்டி, சாமான் ஏற்றி இறக்குவது, இரண்டு மாத வாடகை, கரண்ட் லோடு கூட்டுவது. பழைய வீடென்றால் எஸ்டிமேட்டுக்கு மேல் கால் பங்கு கையில் இல்லாமல் முதல் காரையைத் தட்டாதீர்கள். தட்டினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும்.

எதைப் பார்க்கலாம் என்று கேட்டால்: வேலை கற்க, பாஸ்டனிலிருந்து 1979 முதல் வரும் 'திஸ் ஓல்ட் ஹவுஸ்'. ஒரே வீட்டை வாரக்கணக்கில் பின்தொடர்வதால் குழாய்க்காரரும் தச்சரும் ஏன் அந்த வரிசையில் வருகிறார்கள் என்பது புரியும். வீடு கட்டத் துணிபவர்களுக்கு, 1999 முதல் வரும் 'கிராண்ட் டிசைன்ஸ்'. மழையில் வேலை நிற்பதையும் பட்ஜெட் கிழிவதையும் மறைக்காமல் காட்டும்.

மகால் பக்கத்துச் சந்துகளில் பத்தடி அகலமும் ஐம்பதடி நீளமுமாகக் கிடக்கும் வீட்டுக்காரர்களுக்கு, ஜப்பானின் ஆசாஹி தொலைக்காட்சியில் 2002இல் தொடங்கிய 'பிஃபோர் ஆஃப்டர்'. மாடிப்படிக்கு அடியில் இழுப்பறை, நடுவீட்டுக்கு மேலிருந்து வெளிச்சம், இடித்த வீட்டின் பழைய மரத்தையே புது வீட்டில் ஒரு பலகையாகப் பயன்படுத்துவது. இதில் வரும் யோசனைகளை டெக்சாஸ் வீட்டைவிட நம்மூர்க் கொத்தனாரிடம் சொல்லிப் புரியவைப்பது சுலபம்.

எந்த நிகழ்ச்சியானாலும் 'முன்பு' காட்சி வரும்போது நிறுத்திவிட்டு மேல்மூலையைப் பாருங்கள். கூரையில் பழுப்பு வட்டமோ, ஜன்னலுக்குக் கீழே கறையோ தெரிந்தால் மனதில் குறித்துக்கொண்டு, 'பின்பு' காட்சி வரை அந்தக் கசிவை யாராவது சரிசெய்தார்களா, அல்லது மேலே பெயிண்ட் அடித்தார்களா என்று தேடுங்கள். அடுத்த வாரம் உங்கள் ஹாலுக்கு எஸ்டிமேட் போட வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கையில் இருக்கும்.